கேனில் வந்த சாட்சி

வண்டிக்காரர்: ஆறு மாதங்களுக்கு முன்பு என்ஜின் ஆயில் மாற்றியதாகச் சொல்லி என்னிடம் காசு வாங்கினீர்கள் அல்லவா? அந்த ஆயிலை நேற்று நானே என் கையால் வடித்து, இந்தக் கேனில் பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறேன். இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன்.

மெக்கானிக்: பதில் இருக்கட்டும் சார், முதலில் வண்டியை அணையுங்கள். உள்ளே ஏதோ ஊளையிடுகிறது.

வண்டிக்காரர்: அது ஊளை இல்லை. புது ஆயில் ஊற்றியதிலிருந்து வண்டிக்கு ஒரு தனிக்குரல் வந்திருக்கிறது. கிளட்சை மிதித்தால் அடங்கிவிடுகிறது. காலை எடுத்தால் மறுபடியும் தொடங்கிவிடுகிறது.

மெக்கானிக்: கிளட்சை மிதித்தால் அடங்குகிறதா? அப்படியானால் இனிமேல் வண்டியைக் கிளப்பவே வேண்டாம். சாவியை இப்படிக் கொடுங்கள்.

வண்டிக்காரர்: பேச்சை மாற்றாதீர்கள் அண்ணே. சாட்சி கேனில் இருக்கிறது. என்னிடம் மூன்று குற்றச்சாட்டுகள் உள்ளன. மூன்றரை லிட்டர் ஊற்றியதாக நீங்கள் பில்லில் எழுதியிருக்கிறீர்கள். வடித்தபோது எனக்குக் கிடைத்ததோ இரண்டு லிட்டர்தான். மிச்சம் ஒன்றரை லிட்டர் எங்கே போயிற்று? அடுத்து, ஓடிய ஆயில் கறுத்துப் போகும், கறுத்த ஆயிலை மாற்றியாக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் சொல்வீர்கள். இதுவோ தேன் நிறத்தில், நேற்று ஊற்றியதுபோல் இருக்கிறது. இவ்வளவு நல்ல ஆயிலை மாற்றச் சொல்லித்தான் இத்தனை வருடங்களாக என்னிடம் காசு வாங்கினீர்களா? கடைசியாக, கொஞ்சம் முகர்ந்து பாருங்கள், கந்தக நாற்றம் அடிக்கிறது. எந்தக் கம்பெனி ஆயில் இப்படி நாறும்?

(கேனைத் திறந்து ஒரே ஒரு முறை முகர்ந்த மெக்கானிக், துக்க வீட்டில் கதவைச் சாத்துவதுபோல் மூடியை மெதுவாகத் திருகுகிறார்.)

மெக்கானிக்: சார், இதை எந்த போல்ட்டைக் கழற்றி எடுத்தீர்கள்?

வண்டிக்காரர்: வண்டிக்கு அடியில் இருக்கும் போல்ட்டைத்தான்.

மெக்கானிக்: அடியில் இரண்டு இருக்கின்றன.

வண்டிக்காரர்: எனக்குத் தெரியாதா? நானும் இரண்டையும் பார்த்தேன். ஒன்று அசையவே மறுத்தது, மற்றொன்று சுலபமாகக் கழன்றது. அது மட்டுமல்ல, ஆறு நிமிடக் காணொளி ஒன்றை நான்கு முறை பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். அதில் அவரும் வலப்பக்க போல்ட்டைத்தான் கழற்றினார்.

மெக்கானிக்: அவருடைய வண்டியும் உங்களுடைய வண்டியும் ஒன்றா?

வண்டிக்காரர்: நிறம் ஒன்று.

மெக்கானிக்: சரி. ஆயில் ஃபில்டரை மாற்றினீர்களா?

வண்டிக்காரர்: கைக்கு எட்டவில்லை. ஆயிலே இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது ஃபில்டரில் அழுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு பானட்டைத் திறந்து, என்ஜின் மூடியைக் கழற்றி, மூன்றரை லிட்டர் புது ஆயிலை ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் இது ஐந்து நிமிட வேலை அண்ணே. இதற்கா அரை நாள் வண்டியை நிறுத்தி வைத்துக்கொள்கிறீர்கள்?

மெக்கானிக்: ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டீர்களா?

வண்டிக்காரர்: காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன், மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் முடிந்தது. வேலை என்னவோ ஐந்து நிமிடம்தான். ஸ்பேனர் வாங்கப் போனது, அது பொருந்தாமல் வேறு வாங்கப் போனது, புனல் வாங்கப் போனது, சட்டை வாங்கப் போனது எல்லாம் தனிக்கணக்கு.

மெக்கானிக்: ஊற்றிய பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தீர்களா?

வண்டிக்காரர்: எது, அந்த மஞ்சள் வளையமா? அது பானட்டைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி என்று நினைத்து ஒருமுறை இழுத்தேன். வழவழவென்று இருந்ததால் மறுபடியும் சொருகிவிட்டேன்.

(இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டி வாங்கிப் பல வருடங்கள் ஆகியும் அந்தக் கம்பியை ஒருமுறைகூட உருவிப் பார்க்காதவர்கள்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரென்று ஞானம் பிறந்து வண்டிக்கு அடியில் படுக்கிறார்கள். நின்றுகொண்டே செய்யக்கூடிய வேலை எதுவும் இவர்களுடைய கண்ணில் படுவதில்லை.)

மெக்கானிக்: இப்படி வந்து நில்லுங்கள் சார். வண்டி சமதரையில் நிற்கிறது, அணைத்துச் சில நிமிடங்களும் ஆகிவிட்டன. ஆயில் கீழே இறங்கியிருக்கும். கம்பியை உருவித் துடைத்து, திரும்பச் சொருகி எடுக்கிறேன். நுனியில் இரண்டு கோடுகள் தெரிகின்றன அல்லவா? ஆயில் இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். உங்கள் வண்டியில் எங்கே நிற்கிறது?

வண்டிக்காரர்: கோடுகளைக் காணவே இல்லையே, கம்பி முழுவதும் நனைந்திருக்கிறது. நிறைவாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நல்லதுதானே?

மெக்கானிக்: ஏழு லிட்டர் இருக்கிறது சார்.

வண்டிக்காரர்: நான் ஊற்றியது மூன்றரை லிட்டர்தானே?

மெக்கானிக்: நான் ஊற்றியதும் மூன்றரை. அதை நீங்கள் வடிக்கவே இல்லை.

வண்டிக்காரர்: வடிக்கவில்லையா? அப்படியானால் இந்தக் கேனில் இருப்பது என்ன?

மெக்கானிக்: உங்கள் கியர் பாக்ஸ்.

(சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஆறிக்கொண்டிருந்த என்ஜின் மட்டும் எங்கோ ஒரு முறை டிக்கென்றது.)

மெக்கானிக்: இனி உங்கள் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். இரண்டு லிட்டர் ஏன் என்றால், உங்கள் வண்டியின் கியர் பாக்ஸ் கொள்ளும் அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். என்ஜின் ஆயில் கறுப்பது, எரிபொருள் எரிந்து வரும் கரியையும் அழுக்கையும் அது தன்னோடு மிதக்கவிட்டுச் சுமப்பதால். சீக்கிரம் கறுக்கும் ஆயிலைக் கெட்டது என்று நான் சொன்னதில்லை, நாளானதை மாற்ற வேண்டும் என்றுதான் சொன்னேன். கியர் பாக்ஸுக்குள் எதுவும் எரிவதில்லை, ஆகவே அந்த ஆயில் தேன்போலவே இருக்கும். நாற்றமும் அதனுடைய இயல்பு. பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் அழுத்தத்தில் இரும்பும் இரும்பும் உரசித் தேயாமல் இருப்பதற்காக அதில் கந்தகம் கலந்த மருந்து சேர்க்கிறார்கள். நீங்கள் குற்றம் என்று எதையெல்லாம் சொன்னீர்களோ, அவை எல்லாம் அந்த ஆயிலின் சிறப்புகள்.

வண்டிக்காரர்: அப்படியானால் நான் இங்கே வரும்வரை கியர் பாக்ஸில்...

மெக்கானிக்: காற்று இருந்தது. நீங்கள் சொன்ன தனிக்குரல் அதுதான். என்ஜின் பக்கத்தில் நேர்மாறு. ஆயில் அளவுக்கு மீறினால், உள்ளே சுழலும் கிராங்க் என்ற தண்டு அதில் போய் அடிக்கும். தயிரைக் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கிவிடும். பம்ப் ஆயிலுக்குப் பதிலாக நுரையை உறிஞ்சும், நுரை பேரிங்கைக் காப்பாற்றாது. மிச்சம் சீல் வழியாகக் கசியும், அல்லது உள்ளே போய்ப் புகையாக வரும். சுருக்கமாகச் சொன்னால், குடிக்க வேண்டியதைப் பட்டினி போட்டுவிட்டு, குடித்திருந்ததற்கு மறுபடியும் புகட்டியிருக்கிறீர்கள்.

வண்டிக்காரர்: ஆனால் ஆயில் விளக்கு எரியவில்லையே?

மெக்கானிக்: அந்த விளக்கு அளவைக் காட்டாது, அழுத்தத்தைக் காட்டும். அது எரியும்போது அறிவுரை கேட்கும் நேரம் கடந்து போயிருக்கும்.

வண்டிக்காரர்: சரி, நடந்தது நடந்துவிட்டது. நான் ஊற்றிய புது ஆயிலை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்துவிடுங்கள், அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன்.

மெக்கானிக்: பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவை என்னிடம் இல்லை சார். ஏழு லிட்டரும் கீழே இறங்கியாக வேண்டும்.

வண்டிக்காரர்: நீங்கள் செய்தால் மட்டும் இப்படி ஆகாதா?

மெக்கானிக்: ஆகலாம், நாங்களும் மனிதர்கள்தான். அதனால்தான் கியர் பாக்ஸ் ஆயில் மாற்றும்போது வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால், ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். முதலில் வடித்துவிட்டு, பிறகு ஊற்றும் போல்ட் அசையாமல் போனால் வண்டி அங்கேயே சிலையாக நிற்கும்.

வண்டிக்காரர்: ஊற்றுவதற்கென்று தனியாக ஒரு போல்ட் இருக்கிறதா?

மெக்கானிக்: வண்டியோடு வந்த கையேட்டில் படம் போட்டே இருக்கும். எங்கே அது?

வண்டிக்காரர்: டாஷ்போர்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை.

மெக்கானிக்: வண்டியை இப்படிப் பத்திரமாக வைத்திருக்கக் கூடாதா? சரி, அடியில் படுத்தேன் என்றீர்களே, வண்டியை எதனால் தூக்கினீர்கள்?

வண்டிக்காரர்: வண்டியோடு வந்த ஜாக்கியால்தான்.

மெக்கானிக்: தூக்கிய வண்டியைத் தாங்க அடியில் ஸ்டாண்டு வைத்தீர்களா?

வண்டிக்காரர்: தேவைப்படவில்லை. என் மனைவியை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொன்னேன்.

மெக்கானிக்: சார், இதுவரை நான் சிரித்துக்கொண்டுதான் பேசினேன். அந்த ஜாக்கி, ஸ்டெப்னியை மாட்டி முடிக்கும் வரை வண்டியைத் தாங்குவதற்காகக் கொடுக்கப்பட்டது. அதை நம்பி யாரும் அடியில் தலையை நுழைக்கக் கூடாது. கொஞ்சம் சரிந்தாலும் ஒரு டன் எடை மேலே இறங்கும், அதை பிரேக் பிடிக்காது. இத்தனை வருடங்களில், ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் கையால் ஒருமுறை தள்ளி அசைத்துப் பார்க்காமல் நான் ஒருநாளும் அடியில் படுத்ததில்லை. ஆயிலை எங்கே வேண்டுமானாலும் ஊற்றுங்கள், நான் வடித்துத் தருகிறேன். இதை மட்டும் மறுபடியும் செய்யாதீர்கள்.

வண்டிக்காரர்: நான் ஏன் அடியில் படுத்தேன் என்பதை யோசித்தீர்களா? போன முறை பில்லில் பொதுப் பரிசோதனை என்று ஒரு வரி இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, எல்லாம்தான் என்றீர்கள். எல்லாம் என்றால் எது? ஏர் ஃபில்டர் மாற்றியதாகவும் எழுதியிருந்தீர்கள். பழையதைக் காட்டவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. காட்டியிருந்தால் நான் ஏன் காணொளி பார்க்கப் போகிறேன்?

(சட்டையில் ஆயில் கறையோடு நிற்பவர் சொன்னாலும், இது சரியான கேள்விதான். மெக்கானிக்கும் உடனே பதில் சொல்லவில்லை.)

மெக்கானிக்: அது என் தப்பு. கழற்றிய பாகத்தைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். இனிமேல் கொடுத்துவிட்டுத்தான் பில்லை எழுதுவேன். ஆனால் அந்தப் பரிசோதனையில் நான் பார்த்தவற்றுள் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் நான்கு டயர்களிலும் காற்றின் அழுத்தம் 20 பாயிண்ட்தான் இருந்தது. இருக்க வேண்டியது 33.

வண்டிக்காரர்: டயரின் பக்கத்தில் 51 என்று அச்சடித்திருக்கிறதே?

மெக்கானிக்: அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், ஆகவே வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். காற்று, டிப்ஸ்டிக், கூலன்ட் டப்பாவில் இருக்கும் கோடு, வைப்பர் ரப்பர், இரண்டு கிளிப்பை நீக்கினால் கையில் வந்துவிடும் ஏர் ஃபில்டர் என்று எல்லாம் நீங்களே செய்ய வேண்டியவை. என்னிடம் வரவே வேண்டாம். இவற்றில் எதையாவது ஒருமுறையேனும் செய்திருக்கிறீர்களா?

வண்டிக்காரர்: இதெல்லாம் ஒரு வேலையா அண்ணே? இதையெல்லாம் செய்துவிட்டு நானே சர்வீஸ் செய்தேன் என்று வெளியில் சொல்ல முடியுமா?

மெக்கானிக்: நேற்று செய்ததை வெளியில் சொல்லிவிட்டீர்களா?

வண்டிக்காரர்: ... நான்கு பேருக்குப் படம் அனுப்பிவிட்டேன்.

மெக்கானிக்: சரி, வண்டி இரண்டு நாட்கள் இங்கே இருக்கட்டும். கியர் பாக்ஸில் சரியான ஆயிலை ஊற்றிச் சத்தம் போகிறதா என்று பார்க்கிறேன். போகவில்லை என்றால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். அதைத் திறப்பதற்கு முன்னால் உங்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் கொண்டு வந்தீர்களே, நேற்றைய நாளில் நீங்கள் செய்த ஒரே சரியான காரியம் அது. கேனை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வண்டிக்காரர்: சாட்சியைக் குற்றவாளியிடமே ஒப்படைக்கச் சொல்கிறீர்கள்.

மெக்கானிக்: குற்றவாளி யார் என்பதை டிப்ஸ்டிக் சொல்லிவிட்டது சார்.

வண்டிக்காரர்: அது இருக்கட்டும், பில் போடும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கியர் பாக்ஸ் ஆயில் மாற்றுவதில் பாதி வேலை வடிப்பது. அந்தப் பாதியை நான் ஏற்கெனவே முடித்துக் கொடுத்திருக்கிறேன். அதற்கான கூலியைக் கழித்துவிடுங்கள்.

மெக்கானிக்: தாராளமாகக் கழிக்கிறேன் சார். அது ஐந்து நிமிட வேலை.