ஐ-செவனாம்! எந்த ஐ-செவன்?

"ஐ-5 ப்ராசஸர் – 1. மதர்போர்டு – 1. ராம் 16 – 1." கீழே ஒரு தொகை, அதுக்குக் கீழே ரெண்டு கோடு. நாகர்கோவில்ல இருந்து மார்த்தாண்டம் வரைக்கும், வீட்டு கேமிங் கம்ப்யூட்டருக்கு போர்டும் ப்ராசஸரும் மாத்தணும்னு போய் நின்னா, பாதிக் கடையில கையில கிடைக்கிற கொட்டேஷன் இவ்வளவுதான். மீன் சந்தையில கூட "மீன் ஒரு கிலோ"ன்னு யாரும் விலை சொல்லுறது கிடையாது. நெய்மீனா, வாவலா, சாளையான்னு பேரு இருக்கு. பத்து இருபதாயிரம் ரூபாய் சாமானுக்குப் பேரு கிடையாதா?

"மாடல் நம்பர் எழுதித் தாங்கண்ணே"ன்னு கேட்டா, "எல்லாம் நல்ல ஐட்டம்தான் மக்கா, கேம் எல்லாம் பறக்கும்"னு பதில். பறக்கும். நம்ம காசு.

ஐ-செவன் கதையை முதல்ல எடுத்துக்குவோம். "அதே ரேட்டுக்கு ஐ-செவனே போட்டுத் தாறேன்"னு ஒருத்தர் சொன்னா அங்கேயே உஷாராகணும். அது பெரும்பாலும் 2011, 2012ல வந்த இன்டெல் ஐ7-2600, இல்லைன்னா ஐ7-3770. கழட்டி வித்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த ப்ராசஸர், அதுக்குப் புதுசா அடிச்ச, பேரு தெரியாத கம்பெனியோட எச்61 போர்டு (எச்61, பி450ன்னு வர்றதெல்லாம் போர்டுல இருக்கிற சிப்செட்டோட பேரு). போர்டு பளபளன்னு இருக்கும், எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி டிஸ்க் சொருகுற இடம்) கூட வச்சிருப்பான். ஆனா அதுல இருக்கிறது நாலு கோர் (வேலை செய்யிற மூளை), எட்டு த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலை வரிசை). 2022ல வந்த ஐ3-12100எஃப்லயும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான். வேகத்துல அந்தப் பழைய ஐ-செவன் இதுக்குப் பக்கத்துல கூட வராது. பழசுல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட கும்பிடு போட்டாச்சு. குறுக்கு வழியில 11ஐ ஏத்தினாலும், டிபிஎம் 2.0, செக்யூர் பூட்ங்கிற ரெண்டு பாதுகாப்பு வசதியும் இல்லாம வாலரன்ட் கேம் திறக்காது. 3, 5, 7ங்கிறது வரிசை. அதுக்குப் பின்னால வர்ற நம்பரோட தொடக்கம்தான் தலைமுறை: 2600ன்னா ரெண்டு, 12100ன்னா பன்னிரண்டு. அதைத்தான் சீட்டுல எழுத மாட்டேங்கிறாங்க.

அதுக்கு முன்னால இன்னொண்ணு. "போர்டு போச்சு"ன்னு சொன்னாங்களே, எப்படிக் கண்டுபிடிச்சாங்க? பவர் பட்டனை ரெண்டு தடவை அமுக்கிப் பாத்தா அது சோதனையா? பிளக்கை உருவி, போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரியை (காசு மாதிரி வட்டமா இருக்கும்) அஞ்சு நிமிஷம் கழட்டி வச்சு மாட்டணும். ராமோட தங்க நிறக் காலை அழிரப்பரால துடைச்சு, ஒரே ஒரு ராமை மட்டும் போட்டுப் பாக்கணும். வேற எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி) மாட்டிப் பாக்கணும். இந்த மூணும் செய்யாம "போச்சு"ன்னா, போனது போர்டா ஐநூறு ரூபாய் சமாச்சாரமான்னு யாருக்குத் தெரியும்?

சரி, போர்டே போயிருச்சுன்னு வைங்க. ப்ராசஸரையும் சேத்து மாத்தணும்னு என்ன கட்டாயம்? போர்டு செத்தா ப்ராசஸர் சாகுறது அபூர்வம். ஐ3-10100 வச்சிருக்கிறவருக்கு எச்510 போர்டு போதும், எல்ஜிஏ 1200 சாக்கெட் (ப்ராசஸர் உக்காருற இடம்). பி560 வாங்கினா மட்டும் ஒரு பொறி இருக்கு: ப்ராசஸரோட நேரா இணைஞ்ச எம்.2 ஸ்லாட் 11ஆம் தலைமுறை இருந்தாதான் உயிர் பெறும். பத்தாம் தலைமுறையைப் போட்டு அந்த ஸ்லாட்டுல எஸ்எஸ்டியைச் சொருகினா பயாஸ்லயே (போர்டோட ஆரம்ப மென்பொருள்) தெரியாது. உடனே "எஸ்எஸ்டியும் போச்சு"ம்பாங்க. இந்த சாக்கெட் கூத்துல இன்டெல்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. 6, 7ஆம் தலைமுறைக்கும் எல்ஜிஏ 1151, 8, 9க்கும் எல்ஜிஏ 1151. பேரு ஒண்ணு, கால் எண்ணிக்கையும் ஒண்ணு, ஆனா ஒண்ணுக்கு எடுத்த போர்டு இன்னொண்ணுக்கு ஆகாது.

இன்டெல்லோட போட்டிக் கம்பெனி ஏஎம்டி பக்கம் இன்னும் வயித்தெரிச்சல். பி450 போர்டுல ரைசன் 5 2600 ப்ராசஸர் ஓடுது, கேம் திணறுது. இவருக்குப் போர்டு மாத்தவே வேண்டாம். பயாஸை அப்டேட் பண்ணிட்டு, அதே ஏஎம்4 சாக்கெட்டுல ரைசன் 5 5600ஐ உக்கார வச்சா வேலை முடிஞ்சது. பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே அப்டேட் பண்ணணும். கழட்டினதுக்கு அப்புறம்னா பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிற போர்டுல மட்டும்தான் நடக்கும். இதை எந்தக் கடையாவது சொல்லுமா? சொன்னா போர்டு விக்காதே. இதுக்கு நேர் எதிர்க் கேஸும் உண்டு: 2600 நல்லாயிருக்கு, போர்டு செத்துருச்சு. "பி550 புதுசு, அதையே போடுங்க"ன்னு தள்ளி விடுவாங்க. பி550 அந்த 2600ஐ முறைப்படி ஏத்துக்காது. ஃபேன் சுத்தும், திரை இருட்டாவே கிடக்கலாம். அப்புறம் "உங்க ப்ராசஸரும் போயிருச்சே"ன்னு இன்னொரு சீட்டு.

ஒரு எழுத்துல இருக்கு விஷயம். 5600க்கும் 5600ஜிக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். "ஜி போட்டதுல கிராபிக்ஸும் உள்ள இருக்கு, அதுதான் மேல்"ன்னு கிராபிக்ஸ் கார்டு வச்சிருக்கிறவர்கிட்டயும் விக்கிறாங்க. எல்3 கேஷ்னா ப்ராசஸருக்கு உள்ளேயே இருக்கிற வேகமான நினைவகம்; அது 5600ல 32 எம்பி, 5600ஜியில 16. கார்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல இருக்கிற பாதையான பிசிஐஇ 5600ல 4.0, ஜியில 3.0. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி அந்தப் பாதையில நாலே லேன்ல ஓடுற கார்டு வச்சிருந்தா அந்த 3.0 நல்லாவே கடிக்கும். இன்டெல்ல எஃப் போட்டதுக்கு உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாதவருக்கு 12400எஃப் கொடுத்தா படமே வராது. அதையும் கொடுக்கிறாங்க.

போர்டுக்கு வருவோம். எச்610 போர்டுல ஐ7ஐ உக்கார வைக்கிற கொடுமை வேற எந்த ஊர்லயும் இருக்கான்னு தெரியல, இங்க தாராளம். ஐ5-12400 உச்சத்துல 117 வாட் இழுக்கும், எச்610 ஒரு மாதிரி தாங்கும். ஐ7-12700 180 வாட் வரைக்கும் போகும். விஆர்எம் (ப்ராசஸருக்குக் கரண்டைப் பக்குவப்படுத்தித் தர்ற பகுதி) மேல ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கிற உலோகத் துண்டு) கூட இல்லாத போர்டு, நம்ம ஊர் சித்திரை வெயில், மூடின ரூம். அரை மணி நேரம் கேம் ஓடினதும் விஆர்எம் சூடாகி ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். காசு கொடுத்தது ஐ-செவனுக்கு, ஓடுறது ஐ-ஃபைவ். ஐ7தான் வேணும்னா ஹீட்சிங்க் வச்ச பி660, பி760 வாங்கணும். அதுலயும் டிடிஆர்4 போர்டா, டிடிஆர்5 போர்டான்னு கேக்கணும். ரெண்டு ராமுக்கும் 288 காலு, ஆனா வெட்டு வேற இடத்துல. 2025 கடைசியில இருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிற நேரத்துல, வீட்டுல நல்ல டிடிஆர்4 ராம் இருக்கிறவர்கிட்ட டிடிஆர்5 போர்டைக் கட்டினா அது பகல் கொள்ளை. சீட்டுல "ராம் 16 – 1"ன்னு இருந்ததே, அந்த 1 கூட ஒரு குளறுபடிதான். எட்டும் எட்டுமா ரெண்டு போட்டாதான் டூயல் சேனல், அதாவது ஒரே நேரத்துல ரெண்டு வழியில டேட்டா போகும். நாலு ஸ்லாட் போர்டுல ப்ராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். எக்ஸ்எம்பி (ராமை அதோட முழு வேகத்துல ஓட விடுற பயாஸ் செட்டிங்) ஆன் பண்ணாம கொடுத்தா 3200 ராம் 2133லயோ 2400லயோ சொகுசா நடக்கும்.

குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் கடலைப் பாத்த ஜன்னலோரம் சிஸ்டம் வச்சிருக்கிறவங்க ஆடியோ ஜாக்கை ஒரு தடவை உத்துப் பாருங்க. பச்சை பூத்திருக்கும். உப்பும் தூசியும் சேந்து படிஞ்சு ஈரத்தை இழுக்கும், அதுதான் போர்டைக் கொல்லுது. துரு கண்ட போர்டை வாரண்டியில பொதுவா எடுக்க மாட்டாங்க. ஜன்னலை விட்டு நகத்துங்க, மழைக் காலத்துல தினம் அரை மணி நேரமாவது ஆன் பண்ணி வைங்க, படிஞ்சதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் வச்சு எடுங்க. ஐப்பசி இடிக்கு பிளக்கை மட்டும் உருவினா போதாது, நெட் கேபிளையும் உருவணும். லேன் போர்ட் வழியா வந்து போர்டைக் கருக்கினது எத்தனையோ. எஸ்எம்பிஎஸ்ஸும் கவனிங்க: பழசுல ப்ராசஸருக்கு 4 பின் ஒயர்தான் இருக்கும், புதுப் போர்டு 8 கேக்கும். அதை விட்டுட்டு 600 விஏ யூபிஎஸ்ஸை மட்டும் மாட்டி அனுப்புறாங்க. அது தர்றது ஏறக்குறைய 360 வாட், கேம் நடுவுல கரண்ட் போனா அதுவும் கூடவே போகும்.

கடைசியா, பெட்டியில்லாம ட்ரேல வர்ற ப்ராசஸரை பாக்ஸ் விலைக்கு வாங்காதீங்க. பாக்ஸுக்கு மூணு வருஷ கம்பெனி வாரண்டி, ட்ரேக்கு கடைக்காரர் வாய் வாரண்டி. ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும். எல்ஜிஏ போர்டுன்னா (பின் எல்லாம் சாக்கெட்டுலயே இருக்கும்) சாக்கெட் மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கடை மேசையிலயே திறக்கச் சொல்லுங்க. செல்போன் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சா எல்லாப் பின்னும் ஒரே வரிசையா மின்னணும்; ஒண்ணு மட்டும் மின்னாம இருட்டா இருந்தா அது வளைஞ்ச பின். போட்டோ எடுத்துட்டு, வேற போர்டு கேளுங்க. அந்த மூடியைத் தூரப் போடவும் விடாதீங்க, வாரண்டிக்குப் போகும்போது முதல்ல அதைத்தான் கேப்பாங்க.