படகை அகற்றினால் மணல் வந்துவிடுமா?

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பினார்கள். "பீச்சுல உட்கார இடமே இல்ல, பூரா படகும் வலையும்தான், இதையெல்லாம் அப்புறப்படுத்த ஆளே இல்லையா?" என்று அந்தத் தம்பி கேட்கிறார். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

தம்பி, புதுச்சேரிக்கு வடக்கே நீங்கள் செரினிட்டி பீச் என்று சொல்லும் இடத்துக்குத் தந்திராயன்குப்பம் என்று பெயர். என் ஊர். படகு எப்போதும் அங்கேதான் இருந்தது. மணல்தான் போய்விட்டது.

தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடக்கிலிருந்து வாடை வீசும்போது கொஞ்சம் திரும்பி வரும். தெற்கிலிருந்து புது மணல் வந்துகொண்டே இருந்தவரை கரைக்குக் குறையில்லை. 1980களின் கடைசியில், புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். மணல் அங்கேயே நின்றுவிட்டது. முதலில் அடி வாங்கியது புதுச்சேரி நகரம். நீங்கள் ‘ராக் பீச்’ என்று படம் எடுக்கிற கருங்கல் எல்லாம் கடல் ஊருக்குள் வராமல் இருக்கக் கொண்டுவந்து கொட்டியது. அங்கே கல் விழுந்ததும் அரிப்பு வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அப்புறம் எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பம், நாங்கள்.

தாத்தா கரைவலைக்காரர். இருபது முப்பது பேர் இரண்டு கயிறாகப் பிரிந்து, குதிகால் மணலில் புதைய, பின்னாலேயே நடந்து இழுப்பார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் கயிறு சுருட்டுகிற பையன் நான். பின்னால் நடக்க மணல் வேண்டும் இல்லையா? எங்கள் கரையிலும் கல் கொட்டிய பிறகு ஒருநாள், வலையின் மடி கரைக்கு வரும் நேரத்தில் கல்லில் மாட்டிக் கிழிந்தது. கல் இடுக்கில் துள்ளிய நெத்திலியை நாங்கள் விரல் விட்டுப் பொறுக்கினோம். அந்த வலையை அப்பா பரணில் ஏற்றினார். அப்புறம் இறக்கவே இல்லை. ஆயா மணலில் காயவைத்த கருவாட்டை அம்மா இப்போது மொட்டைமாடியில் காயவைக்கிறார்.

"சுற்றுலாவால்தானே பிழைக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்பீர்கள். ஆமாம். என் மச்சான் அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடுகிறான். சனி, ஞாயிறு ஆள் வரவில்லை என்றால் அவன் வீட்டில் கஷ்டம்தான். வராதீர்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாராளமாக வாருங்கள்.

"துறைமுகமே மீனவர்களுக்காகத்தானே?" என்றும் கேட்பீர்கள். அங்கே விசைப்படகு நிறுத்துகிறவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கரைவலை இழுத்தவனை யாரும் கேட்கவில்லை.

"நாற்றம் அடிக்கிறது" என்று வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வலையில் மீன் வாசம்தான் வரும். அந்த வாசத்தில்தான் நான் படித்தேன்.

மணலைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் சேர்ந்தது, நீங்களே காலை வைத்துப் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குத் தூண்டில் வளைவு, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் சுவர். அதாவது மறுபடியும் கல். எங்கள் படகை அகற்றச் சொல்கிற குரலில் பாதியையாவது, இங்கேயும் மணல் வேண்டும் என்று கேட்கச் செலவழிக்கக் கூடாதா?

போன வருடம் ஆயா தவறிவிட்டார். மூன்றாம் நாள் சாம்பல் கரைக்கப் போனோம். அவர் கருவாடு காயவைத்த இடத்தில் தண்ணீர். பானையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்பா கல் மேல் ஏறினார். பாசி வழுக்கி முழங்கால் கிழிந்தது. பானையை விடவில்லை. அறுபத்தெட்டு வயது. தன் அம்மாவைக் கரைக்க அவருக்கு நிற்க இடமில்லை.

அந்த வீடியோவில் மூன்றாவதாகத் தெரிகிற நீலப் படகு அப்பாவுடையது. அதன் பின்பக்கம் எங்கள் தெருச் சுவரை ஒட்டியிருக்கிறது, முன்பக்கத்தை அலை தொடுகிறது. எங்கே தள்ளி வைக்கட்டும், சொல்லுங்கள் தம்பி.