கை சொல்வதை மூளையும் கேட்கிறது

மூளை கையை எப்படி இயக்குகிறது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையில், ‘மூளை கட்டளையிடுகிறது, கை கேட்டு நடக்கிறது’ என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பாதிக் கதைதான் அது. கை மேலே அனுப்பும் செய்தி என்னாயிற்று?

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா பால் மரம் வெட்டுவார். பட்டையை மெலிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம், அப்புறம் கங்காணியிடம் ஏச்சு. கத்தி முடிச்சில் தட்டியதும், கண் பார்க்குமுன்பே மணிக்கட்டு தளர்ந்துவிடும். தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய உணரிகள், தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகத்தில் நீள்கிறது என்று ஓயாமல் தெரிவிக்கின்றன. சின்னத் திருத்தங்களைத் தண்டுவடமே செய்துவிடும். மற்றதைச் சிறுமூளை சரிபார்க்கும்.

இந்தச் செய்தி நின்றுபோனால்? இங்கிலாந்துக்காரர் இயன் வாட்டர்மேனுக்கு 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் கைகால் எங்கிருக்கிறது என்ற உணர்வும் போய்விட்டன. தசைகளுக்குப் போகும் நரம்புகள் நன்றாகவே இருந்தன. ஆனாலும் கையை நினைத்தபடி அசைக்க முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்தே திரும்பப் பழகினார். விளக்கணைந்தால் அவ்வளவுதான்.

இன்னொன்று: அந்தக் கட்டுரையோடு வந்த படத்தில் இடப்பக்க மூளையிலிருந்து இடக்கைக்கே கோடு போட்டிருக்கிறீர்கள். அந்த நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் மறுபக்கம் கடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளும் படிப்பார்கள், மாற்றிவிடுங்கள்.