அந்த ஊரின் மொழி ஸ்பானிஷ் அன்று

குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில், சோலோலா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு வாரம் தங்கி, புகைபோக்கி வைத்த விறகடுப்புகள் கட்டும் தன்னார்வப் பணியை முடித்துத் திரும்பியிருக்கிறேன். எங்களை அனுப்பிய அமைப்பு தந்த குறிப்பில் 'ஸ்பானிஷ் பேசும் கிராமச் சமூகம்' என்று இருந்தது. அதை நம்பி எட்டு மாதம் மாலைதோறும் ஸ்பானிஷ் படித்தேன். போர்த்துக்கீசியர் வழியே நம்மிடம் வந்து தங்கிவிட்ட மேசையும் பாதிரியும் அந்த மொழியில் 'மேசா', 'பாத்ரே' என்று எதிர்ப்பட்டபோதெல்லாம் அது எனக்கு நெருக்கமாகிக்கொண்டே வந்தது. முதல் நாள் காலை, முதல் வீட்டின் சமையலறையில், அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவருக்கு அந்த மொழியில் வணக்கம் சொன்னேன். அவர் புன்னகைத்துவிட்டு, பதிலுக்காகத் தம் பேத்தியைத் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய மொழி கிச்சே. குவாத்தமாலாவில் பேசப்படும் 22 மாயா மொழிகளுள் அது ஒன்று. ஏறத்தாழ பத்து லட்சம் பேரின் தாய்மொழி. ஆனால் அந்நாட்டு அரசியலமைப்பின்படி ஆட்சிமொழி ஸ்பானிஷ் மட்டுமே. 36 ஆண்டு உள்நாட்டுப் போர் 1996 டிசம்பரில் அமைதி உடன்படிக்கையோடு முடிந்த பிறகு, பழங்குடி மொழிகளுக்கு அரசியலமைப்பில் இடமளிக்கும் திருத்தங்கள் 1999-இல் பொது வாக்கெடுப்புக்கு வந்து தோற்றன. 2003-இல்தான் ஒரு சட்டம் அவற்றைத் தேசிய மொழிகளாக ஏற்றது. இத்தனைக்குப் பிறகும் நகரத்தில் சிலர் கிச்சேவை 'வட்டார வழக்கு' என்றே குறிப்பிடுவதைக் கேட்டேன். தாய்மொழியைப் போற்றும் எவருக்கும் அந்தச் சொல் வலிக்கும்; எனக்கு வலித்தது.

இது வெறும் மொழிப் பெருமை பற்றிய பேச்சன்று. மூன்று கற்களுக்கு நடுவே தீ மூட்டிச் சமைக்கும் வீடுகள் அவை. உத்திரமும் தகரக் கூரையும் கரி படிந்து கறுத்திருக்கும். ஊதாங்குழலோடு கண் கசிய உட்கார்ந்திருந்த எங்கள் பாட்டியின் அடுக்களையை அறிந்த எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாங்கள் கட்டியது 'பிளாஞ்சா' எனப்படும் அடுப்பு: செங்கல்லும் சிமென்ட் கல்லும் வைத்துக் கட்டி, மேலே இரும்புத் தகடு பதித்து, புகையைக் கூரைக்கு வெளியே அனுப்புவது. அதே மலைநாட்டின் சான் மார்க்கோஸ் பகுதியில் 500-க்கும் மேற்பட்ட வீடுகளில் நடத்தப்பட்டு, 2011-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, இத்தகைய அடுப்பு வைத்த வீடுகளில் குழந்தைகளுக்குக் கடுமையான நிமோனியா குறைந்ததைக் காட்டியது. மொத்த நிமோனியாவில் அதே அளவுக்கு உறுதியான குறைவு தெரியவில்லை. ஆகவே அடுப்பைக் கட்டித் தருவது பாதி வேலைதான். அதில் நாள்தோறும் சமைக்க முடிகிறதா என்பது மறுபாதி.

அந்த மறுபாதியில்தான் நாங்கள் தவறினோம். கட்டி முடித்த அடுப்பைப் பார்த்து அந்த அம்மையார் நெடுநேரம் பேசினார். பத்து வயதுப் பேத்தி அதை, "நன்றாக இருக்கிறதாம்" என்று ஸ்பானிஷில் சுருக்கிச் சொன்னாள். விருந்தாளியிடம் குறை சொல்லக் கூடாது என்று அந்தக் குழந்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் இரு மொழியும் அறிந்த பக்கத்து வீட்டு ஆசிரியையை அழைத்துவந்தோம். அடுப்பு தமக்கு உயரம் என்பதும், மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் பெரிய பானை அந்தத் தகட்டின் மேல் நிலையாக உட்காராது என்பதும், அதற்காகத் தினமும் முற்றத்தில் பழையபடி மூன்று கல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் அப்போது தெரியவந்தன. குளிர்காலத்தில் திறந்த தீயைச் சுற்றித்தான் குடும்பமே உட்காரும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அடுப்பைப் பற்றி அந்த ஊரில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த அறிவு அந்தப் பேச்சில் இருந்தது.

'ஸ்பானிஷ் பேசும் சமூகம்' என்ற வருணனை, ஆண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் பார்த்து எழுதப்பட்டது என்று இப்போது எண்ணுகிறேன். யாருக்காக அடுப்பு கட்டப் போனோமோ அந்தப் பெண்கள் அதற்குள் இல்லை. தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்புகள் ஊரின் மொழியைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். குழந்தைகளை மொழிபெயர்க்க விடாமல், உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு ஊதியம் தந்து அப்பணியில் அமர்த்த வேண்டும். கல் அடுக்க எங்களைவிடத் திறமையான கொத்தனார்கள் அங்கேயே இருக்கிறார்கள்; அந்தக் கூலியும் அவர்களுக்கே போகட்டும். ஆறு மாதம் கழித்துத் திரும்பிச் சென்று, அடுப்பு எரிகிறதா, புகைபோக்கி அடைத்திருக்கிறதா என்று கேட்டுவர ஆள் வேண்டும்; என்னைப் போன்றவர்கள் அதற்குப் பயன்படலாம்.

மூத்த பெண்களைக் கிச்சேயில் 'நன்' என்று அழைப்பார்கள். தாய் என்ற பொருளும் அதற்கு உண்டு. முன்பின் அறியாதவரையும் நாம் 'அம்மா' என்பதைப் போல. மீதமிருந்த நான்கு வீடுகளிலும் நாங்கள் அப்படியே அழைத்து, ஆசிரியையை உடன் வைத்துக்கொண்டு, பானையின் அடியையும் அவர்களது முழங்கை உயரத்தையும் அளந்த பிறகே முதல் கல்லை வைத்தோம்.