வலி நின்னா ஆறிடுச்சுன்னு யார் சொன்னது?

அந்தக் கபடி வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. முட்டியில் பிரேஸ் போட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் பையனிடம், "ஆபரேஷன் பண்ணி அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் என்னடா நடிப்பு?" என்று கோச் கத்துகிறார். அதைவிடக் கீழே வந்த கமெண்டுகள்தான் மனசை அறுத்தது. சோம்பேறியாம். பயந்தாங்கொள்ளியாம்.

அஞ்சு மாசம் பத்தாது. பத்தவே பத்தாது.

அவனுக்குப் போன மாதிரி முட்டிக்குள் முன்பக்க ஜவ்வு (ACL) கிழிந்தால், பெரும்பாலும் பழசைத் தைப்பதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ நார் எடுத்து, எலும்பில் துளை போட்டுப் பொருத்துகிறார்கள். பொருத்திய நார் அன்றைக்கே ஜவ்வாகிவிடாது. முதலில் அதிலுள்ள செல்கள் சாகும். பிறகுதான் புது ரத்தக்குழாய் உள்ளே வளரும். அந்த முதல் சில மாதங்களில் அது, வைத்த நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். கொடுமை என்னன்னா, அதே சமயத்தில்தான் வீக்கம் வடிந்து, வலி நின்று, பையன் சாதாரணமாகப் படியேறுவான். பார்க்கிறவர்களுக்கு நடிப்பு மாதிரி தெரியும்.

இந்த ஜவ்வு ஆபரேஷன் செய்தவர்களை வைத்து 2016ல் வெளிவந்த டெலவேர்-ஆஸ்லோ ஆய்வு சொல்வது இது: 9 மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முட்டியில் அடிபடுவது 51% குறைந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும்!

"பும்ரா அஞ்சு மாசத்துல வரலையா?" என்று கமெண்டில் ஒருத்தர். 2023 மார்ச்சில் ஆபரேஷன், ஆகஸ்டில் வந்தார், உண்மை. அது முதுகு, முட்டி ஜவ்வு இல்லை. வந்ததும் டி20யில், ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 4 ஓவர். அதற்கு முன்னால் 2022 செப்டம்பரில் திரும்பி வந்து, ரெண்டே ஆட்டத்தில் மறுபடி முதுகு போய், உலகக் கோப்பையையே இழந்தாரே, அதை ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க?

அந்தப் பையனுக்கு இது மூன்றாவது அடி என்பதும் உங்களுக்குத் தெரியும். முதலில் கணுக்கால், அப்புறம் தொடைப் பின்தசை, இப்போது முட்டி. ஒவ்வொரு தடவையும் வலி நின்றதும் குணமாக்கும் பயிற்சியையும் நிறுத்தியிருப்பார்கள். கணுக்கால் பிசகினால் வீக்கம் வடிந்தாலும் சமநிலை உணர்வு தானாகத் திரும்பாது. ஒவ்வொரு காலிலும் தனித்தனியாகக் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள், வித்தியாசம் தெரியும். பின்தசை நடக்கும்போது சமத்தாக இருக்கும், முழு வேக ஓட்டத்தில்தான் மறுபடி கிழியும்.

ரெண்டு மூணு இடத்தில் அடி இருந்தால் தூக்கும் எடை, வேகம், தாவல் எண்ணிக்கை மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டக்கூடாது. கூட்டினால், எது கெடுத்ததென்றே தெரியாது. பயிற்சியின்போது பத்துக்கு மூணு வரை வலிக்கலாம், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். முட்டிச் சில்லின் நடுவில் டேப் வைத்து அளந்து, முந்தின நாளைவிட 1 செ.மீ. கூடியிருந்தால் பயிற்சியை ஒரு படி குறையுங்கள்.

"எண்ணெய் போட்டு உருவினா சரியாயிடும்" என்பவர்களுக்கு: ரத்தம் கட்டிய தொடையை அழுத்தி உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். தயவுசெய்து செய்யாதீங்க.

பிசியோவுக்குக் காசு எங்கே என்கிறார்கள். அது நியாயமான கேள்வி, என்னிடம் முழு பதில் இல்லை. ஆனால் அளக்கக் காசு வேண்டாம். நல்ல காலால் ஒரே தாவு, அதே காலில் நின்று 150 செ.மீ. வந்தால், ஆபரேஷன் கால் குறைந்தது 135 தொட வேண்டும். தொட்டாலும் இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தால் இன்னும் தயாரில்லை. தொடை பலமும் 90 சதவீதம் வேண்டும், ஏனென்றால் இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து தாவலில் ஏமாற்றிவிடும். சும்மா இருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கபடி அந்தப் பையனுக்குப் பொழுதுபோக்கு இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, அதை நம்பி ஒரு வீடு. அதனால்தான் வலித்தாலும் வலிக்கவில்லை என்பான். இன்றைக்கு வாய் திறந்து "முடியல சார்" என்றவனை ஊரே நடிகன் என்கிறது. இனி எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்?

அடுத்த லீக் ஆட்டத்தில் அவனைக் கார்னரில், அதாவது ஓரத்தில் நின்று ரைடரைப் பிடிக்கும் இடத்தில், இறக்கப்போவதாகப் பேச்சு. இறக்கும் முன் டேப்பை எடுத்து அவன் ரெண்டு காலையும் தாவவிட்டு அளங்க சார். அந்த வீடியோவையும் போடுங்க.