அவர் சும்மா நிற்கவில்லை

அந்த வீடியோவை இந்நேரம் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடாதீர்கள். மனநல வார்டில் ஒருவர் கட்டில் மேல் ஏறிப் பாடுகிறார். நர்ஸ் நாலடி தள்ளி நிற்கிறார். கீழே கமெண்ட்: "சம்பளம் வாங்கிட்டு வேடிக்கை பார்க்குது பாரு."

அவர் சும்மா நிற்கவில்லை. அதுதான் வேலை. பைபோலார் என்றால் மனநிலை மேலும் கீழுமாக மாறி மாறி ஆடும் நோய். அந்த நோயாளி மேனியா என்கிற கட்டுக்கடங்காத உற்சாகத்தின் உச்சத்தில் இருக்கும்போது நாலு பேர் சூழ்ந்து கையைப் பிடித்தால் அடிதடியில்தான் முடியும். ஒரே ஆள், தணிந்த குரல், சின்னச் சின்ன வாக்கியம். சத்தமாக ஓடிய டிவியை யார் போய் அணைத்தது என்று பார்த்தீர்களா? அவர்தான்.

என் வார்டில் முன்பு ஒரு அண்ணன் இருந்தார். மூன்று நாளாகத் தூக்கமில்லை, தட்டு முன்னால் உட்காரவே மாட்டார். வராந்தாவில் கூடவே நடந்து சப்பாத்தியைச் சுருட்டிக் கையில் கொடுப்பேன். அடுத்த சுற்றில் வாழைப்பழம், அதற்கடுத்த சுற்றில் தண்ணீர். "நீதான் சுகாதார அமைச்சர், ஆர்டர் போட்டாச்சு" என்பார். பதவி வந்தது, சம்பளம்தான் ஏறவில்லை. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நான் காலாற நடந்துகொண்டிருந்தேன்!

அந்த அண்ணன் வீட்டுக்குப் போகும்போது, மனநிலை ஆடாமல் இருக்க லித்தியம் மாத்திரை. ரத்தத்தில் அதன் அளவு 0.6-லிருந்து 1.2-க்குள் இருக்க வேண்டும், 1.5 தாண்டினால் விஷம். உப்பும் தண்ணீரும் குறைந்தால் அந்த அளவு ஏறிவிடும். உப்பைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், தண்ணீர் குறையக் கூடாது என்று அவர் மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன். மனுஷன் தைப்பூசத்துக்கு உப்பில்லா விரதமிருந்து பழனிக்கு நடந்திருக்கிறார். வழியில் வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம். குடித்திருக்கிறார் என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். அந்த அக்காவுக்குத்தான் நான் சொன்னது ஞாபகம் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். வாயால் சொன்னதும் வேலைதான். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

"நீங்கள் கட்டிப்போடுவதில்லையா?" என்று வருவீர்கள். 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகிய 28 பேரை நாங்களும் மறக்கவில்லை. 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடவே கூடாது. வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு, கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தலாம். எரிந்து விழும் நர்ஸே கிடையாதா என்றால், இருக்கிறார்கள். சரி, விடுங்கள்.

என் மாமியாரே சொந்தக்காரர்களிடம் "மருமக ஆஸ்பத்திரியில இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்த வார்டு என்று வாய் திறக்க மாட்டார். அதுகூடப் பழகிவிட்டது.

எனக்கு ஆறாதது வேறு. போனைத் தூக்கிப் படம் பிடித்தவரை ஒருத்தரும் கேட்கவில்லை. மேனியா இறங்கும். செய்ததில் பாதியாவது ஞாபகத்துக்கு வரும், கூனிக் குறுகிப் போவார்கள். பின்னாலேயே மனச்சோர்வு வரும். அதிலிருந்து மெல்லத் தேறும்போது மனசுக்கு முன்னால் உடம்புக்குத் தெம்பு வந்துவிடும். தற்கொலைக்குப் பயந்து நாங்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொள்ளும் நாட்கள் அவை. அப்படி ஒரு நாளில் அவர் கைக்குப் போன் வரும், இந்த வீடியோவும் வரும்.

சிரிப்பு இமோஜி போட்டவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது பெயர் என் சித்தி மகன்.