3,500 கிலோ என்பது ஏற்றக்கூடிய சுமை அல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கத்துத் தமிழரிடையே வாட்சப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: வணிக வேனின் தகட்டில் 3,500 கிலோ என்றிருந்தால், அவ்வளவு எடைக்குக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் பொருத்தி வீட்டுவண்டி ஆக்கிக்கொள்ளலாமாம். இது தவறு. அந்த எண் வண்டியின் சொந்த எடை, ஆட்கள், எரிபொருள், சாமான் அனைத்தும் சேர்ந்த உச்ச வரம்பாகும். காலியாகவே 2,200 கிலோ இருக்கும் வேனில் மிஞ்சுவது 1,300 கிலோதான். மரவேலையும் பேட்டரிகளும் அதில் கணிசமான பங்கை விழுங்கிய பிறகு, 100 லிட்டர் தண்ணீர் இன்னொரு 100 கிலோவைக் கேட்கும்.

மொத்த எடை சரியாக இருந்தாலும், ஒவ்வொரு சக்கர அச்சுக்கும் தனி வரம்பு உண்டு என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தொட்டியைப் பின்சக்கரங்களுக்கும் அப்பால் பொருத்தினால், அது நெம்புகோல் போல முன்பக்கப் பாரத்தைக் குறைத்து, பின்னச்சின்மேல் தன் எடையைவிடக் கூடுதலான சுமையை ஏற்றும். டர்பன்–ஜோகன்னஸ்பர்க் நெடுஞ்சாலையின் வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகிவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே.

3,500 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய சேசியை (வண்டியின் அடிச்சட்டத்தை) வாங்கிவிடலாமே என்பாரும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அதற்கு பி பிரிவு ஓட்டுநர் உரிமம் போதாது, சி1 வேண்டும். சரக்கு வேனே கூடாது என்பதல்ல: தண்ணீர் நிரப்பி, ஆட்களும் ஏறியபின், எடைமேடையில் இரண்டு அச்சுகளையும் தனித்தனியே எடைபோட்டுப் பார்க்கும்போது வரம்புக்குள் நிற்கும் வேன் தாராளமாக உதவும்.